உங்கள் தெருவில் அரசு வைத்த கேமராவும் சென்சாரும்: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு தனியுரிமை வழிகாட்டி

வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்தில் ஒரு நாள் புதிதாக ஒரு கேமராவோ வெள்ளைப் பெட்டியோ ஏறியிருக்கும். யார் வைத்தது, எதற்கு, நம் மாடி அதில் தெரிகிறதா என்று யாரும் வந்து சொல்வதில்லை. கேட்கப் போகிறவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். சிலர் எடுத்த எடுப்பிலேயே "கேமராவை அகற்றுங்கள்" என்று மனு கொடுக்கிறார்கள். "பொதுமக்கள் பாதுகாப்புக்காக நிறுவப்பட்டது" என்ற ஒரு வரிப் பதிலோடு அது முடிந்துவிடுகிறது. வேறு சிலர் பதிவான காட்சியைக் கேட்டு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படியான மனு) போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பதில் தர சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 நாள். பல அமைப்புகளில் பதிவு தானாக அழியும் காலமும் ஏறக்குறைய அதுதான்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். என்ன சாதனம், யாருடையது, நமக்கு வேண்டியது என்ன என்ற மூன்றையும் முடித்துவிட்டு மனு எழுத உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தொடங்கும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

சாதனத்தின் பகல் நேரப் படம் ஒன்று, இரவு நேரப் படம் ஒன்று. கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதன் படம். உங்கள் வீட்டு ஜன்னலிலோ மாடியிலோ நின்று சாதனத்தை நோக்கி எடுத்த படம். இந்தக் கடைசிப் படம்தான் பின்னால் உங்களுக்கு வாதாடப் போகிறது. கேமராவின் கண்ணாடி உங்களை நோக்கி நேராகத் தெரிந்தால் அதற்கும் நீங்கள் தெரிய வாய்ப்பு அதிகம்.

ஒரு கோப்பு உறை, தேதி எழுதிவைக்க ஒரு நோட்டு, ஆர்.டி.ஐ. கட்டணத்துக்கு ரூ. 10. இவ்வளவு போதும். வக்கீல் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

கம்பத்தில் ஏறிப் பார்ப்பது, கேமராவைத் திருப்புவது, துணியைப் போட்டு மூடுவது, வயரைப் பிடுங்குவது எதுவும் வேண்டாம். பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் 1984-இன் கீழ் வழக்கு வரலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதன்பிறகு பேச்செல்லாம் அந்த வழக்கைப் பற்றித்தான் இருக்கும்.

1. கம்பத்தில் இருப்பது என்ன என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாப் பெட்டியும் கேமரா இல்லை. எல்லா சென்சாரும் ஆளைப் பற்றிய தகவலைச் சேகரிப்பதும் இல்லை. இதைப் பிரிக்காமல் மனு எழுதினால், காற்றின் தரம் அளக்கும் கருவியைப் போய் உளவுக் கருவி என்று எழுதிவிடுவோம். அந்த ஒரு பிழையைக் காட்டியே மற்றக் கேள்விகளையும் ஒதுக்கிவிடுவார்கள்.

நீளமான குழாய் போன்றது நிலைக் கேமரா. அது பார்க்கும் திசை மாறாது. உருண்டையாகத் தொங்குவது பெரும்பாலும் சுழலும் கேமரா. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அதைத் திருப்பலாம், தூரத்தில் உள்ளதை அருகில் இழுத்தும் பார்க்கலாம். ஆகவே "இப்போது சாலையைத்தானே பார்க்கிறது" என்ற சமாதானம் சுழலும் கேமராவுக்குச் செல்லாது. சிக்னல்களில், வண்டி வரும் திசையை நோக்கி, பக்கத்தில் விளக்கோடு இருப்பது நம்பர் பிளேட் படிக்கும் கேமராவாக இருக்கலாம். அது படத்தோடு வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் பட்டியலாகச் சேர்த்துவைக்கும். தனியுரிமை என்று பார்த்தால் வெறும் வீடியோவைவிட இந்தப் பட்டியல் கனமான விஷயம். ஒரு மாதப் பட்டியலைத் தேடினால் ஒருவர் எந்த நாளில் எங்கே போனார் என்பது நிமிடத்தில் வந்துவிடும்.

கவிழ்த்த தட்டுகளை அடுக்கியது போன்ற வெள்ளைக் கூடு இருந்தால், அது காற்றின் தரம் அல்லது வெப்பம், ஈரப்பதம் அளக்கும் கருவி. பாலத்தின் கைப்பிடியிலிருந்து தண்ணீரை நோக்கிக் கீழே பார்ப்பது நீர்மட்ட சென்சார். இவை ஆளைத் தொடுவதில்லை. சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, செம்மங்குப்பம் மக்களுக்குக் காற்று அளக்கும் கருவி இன்னும் கூடுதலாக வேண்டும் என்பது என் கருத்து. 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு நீர்மட்ட சென்சாரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைப் பொறுத்தவரை நாம் கேட்க வேண்டியது, அளவீடுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள் என்பதுதான்.

தெருவிளக்கின் தலையில் இருக்கும் சின்ன மூடி, விளக்கை ஏற்றி அணைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. ஆன்டெனாவோடு இருக்கும் தட்டையான பெட்டி பொது வைஃபையாக இருக்கலாம். அது உங்கள் செல்போனோடு பேசும். அதற்கு 8-ஆம் படியில் வருகிறேன். குப்பை எடுப்பவர்கள் ஸ்கேன் செய்ய வீட்டு வாசலில் ஒட்டும் கியூஆர் ஸ்டிக்கரும் இந்தக் கணக்கில் சேரும். எந்த வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு ஸ்கேன் செய்தார்கள் என்பது அதில் பதிவாகிறது.

2. யாருடைய சாதனம் என்று கண்டுபிடியுங்கள்

நான் பார்த்தவரை அதிக நாள் வீணாவது இங்கேதான். நகராட்சியில் கேட்டால் போலீஸைக் கேளுங்கள் என்பார்கள். ஸ்டேஷனில் கேட்டால் ஸ்மார்ட் சிட்டி என்பார்கள். சாதனத்தை வாங்கியவர், பராமரிப்பவர், காட்சியைப் பார்ப்பவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம் என்பதுதான் காரணம்.

புதுச்சேரியில் ஐந்து வாய்ப்புகள். புதுச்சேரி நகராட்சி அல்லது உழவர்கரை நகராட்சி, ஊர்ப்புறமாக இருந்தால் அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்துகளில் ஒன்று, புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி மேம்பாட்டு நிறுவனம், காவல்துறை, கடைசியாக, வியாபாரிகள் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ வாங்கிப் போலீஸுக்குக் காட்சி தரும் கேமரா. புதுச்சேரி 2017-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்ந்தது. அதற்கென உருவான நிறுவனம் அரசும் உள்ளாட்சியும் பங்கு வைத்திருக்கும் கம்பெனி. "நாங்கள் கம்பெனி, ஆர்.டி.ஐ. எங்களுக்குப் பொருந்தாது" என்று வாய்மொழியாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசுக்குச் சொந்தமான நிறுவனம் அந்தச் சட்டப்படி பொது அதிகார அமைப்புதான். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச் 31-உடன் முடிந்தது. ஆகவே "இப்போது இந்தச் சாதனத்தைப் பராமரிப்பது யார்" என்பதைத் தனிக் கேள்வியாகவே கேளுங்கள்.

கடலூரில் 2021-இல் நகராட்சி மாநகராட்சியானது. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் எல்லாம் மாநகராட்சி எல்லைதான். சாலைச் சந்திப்புகளில் இருப்பதற்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தையும், கிராமத்தில் இருந்தால் ஊராட்சியையும் முதலில் பாருங்கள்.

எல்லையில் இருப்பவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். முள்ளோடை புதுச்சேரி, கொஞ்சம் தள்ளினால் ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம். வடக்கே முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். சோதனைச் சாவடிக் கேமரா எந்த அரசுடையது என்பதைப் பொறுத்து மேல்முறையீடு போகும் இடமே மாறிவிடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கம்பத்துப் பெட்டியில் பெயர்ப்பலகை, திட்டப் பெயர், ஒப்பந்ததாரர் ஸ்டிக்கர் ஏதாவது இருக்கும். அதுவும் இல்லை என்றால், யாருக்கு அதிக வாய்ப்பு என்று தோன்றுகிறதோ அவர்களுக்கே ஆர்.டி.ஐ. போடுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஆர்.டி.ஐ. சட்டத்தின் பிரிவு 6(3)-இன்படி அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். மனுவைத் திருப்பித் தரக் கூடாது. இதைத் தெரியாமல் பலர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

3. உங்களுக்கு வேண்டியது என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள்

கோபமாக இருக்கும்போது எல்லாம் வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழி வேறு. நடைமுறையில் கேட்கக்கூடியவை இவை:

- என் வீட்டு ஜன்னல், மாடி, வாசல் பதிவாகாதபடி மறைக்க வேண்டும் அல்லது கோணத்தை மாற்ற வேண்டும்.
- இங்கே பதிவு நடக்கிறது, பொறுப்பு இன்னார் என்று பலகை வைக்க வேண்டும்.
- இன்ன தேதி, இன்ன நேரப் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும்.
- சேமிப்புக் காலம், பார்க்கும் அதிகாரம், முகம் அடையாளம் காணும் மென்பொருள் பற்றி எழுத்தில் தெரிய வேண்டும்.

இவற்றில் எளிதாகக் கிடைப்பது முதலாவதுதான். பெரும்பாலான புதிய கேமராக்களில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி உண்டு. கணினி முன் உட்கார்ந்து சில நிமிடத்தில் செய்யக்கூடிய வேலை, செலவும் இல்லை. அதனால் அதிகாரிக்கும் ஒப்புக்கொள்வது சுலபம். சாலையைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, வீட்டைப் பார்க்காதே என்கிறோம். மனுவில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும்.

4. பதிவு தேவையென்றால் எல்லாவற்றுக்கும் முன் பாதுகாப்புக் கடிதம்

விபத்து, வாசலில் தகராறு, தவறாக வந்த அபராதச் சலான் போன்றவற்றில் பதிவே உங்களுக்குச் சாட்சியாகலாம். அப்படியானால் இந்தப் படியை அன்றே செய்யுங்கள். கேமராப் பதிவு பழையதன் மேல் புதியது ஏறி ஏறித் தானாக அழியும். யாரும் வேண்டுமென்றே அழிக்கத் தேவையில்லை, நாள் கடந்தால் போதும்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும்: "இன்ன கம்பத்தில் உள்ள கேமராவில் இன்ன தேதி மாலை 6 முதல் 7 மணி வரை பதிவான காட்சி எனக்குச் சாட்சியமாகத் தேவைப்படுகிறது. உரிய அலுவலரின் உத்தரவு வரும்வரை அதை அழிக்காமல் தனியாக எடுத்துவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." இதில் காட்சியைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை, வைத்திருங்கள் என்றுதான் கேட்கிறோம். அதை மறுக்கக் காரணம் கிடையாது.

நேரத்தைக் குறுக்கிச் சொல்லுங்கள். "அந்த வாரம் முழுவதும்" என்று கேட்டால் முடியாது என்பார்கள். ஒரு மணி நேரம் என்றால் எடுத்துவைப்பார்கள்.

நேரில் கொடுத்து, தபால் பிரிவில் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அதையே ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். குற்றம் சம்பந்தப்பட்டது என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரிலேயே கேமரா இருக்கும் இடத்தைக் குறிப்பிடுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 94-இன்படி அந்தப் பதிவைக் கேட்டு வாங்கும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு. நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் பிரிவு 63 சொல்லும் சான்றிதழும் தேவை. செல்போனில் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

சம்பவம் காவல் நிலையத்துக்குள்ளேயே நடந்தது என்றால் கணக்கு வேறு. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கச் சொன்னது. அது முடியாத இடத்தில் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. தெருக் கேமராவுக்கு இந்த உத்தரவு பொருந்தாது. இரண்டையும் குழப்பி எழுதினால் மனு பலவீனமாகும்.

5. ஆர்.டி.ஐ. மனு: கருத்தைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்

"ஏன் என் வீட்டுக்கு எதிரே கேமரா வைத்தீர்கள்?" என்பது மனதில் எழும் முதல் கேள்வி. ஆர்.டி.ஐ.யில் அது பயன்படாது. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும். விளக்கம் எழுதித் தரும் கடமை இல்லை. அதே கேள்வியை "இந்த இடத்தைத் தேர்வு செய்த கோப்புக் குறிப்பு மற்றும் ஆணையின் நகல்" என்று மாற்றினால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு மனுவில் ஒரு இடம் மட்டும். ஊர் முழுக்க உள்ள கேமராக்களின் பட்டியலைக் கேட்டால் பாதுகாப்பு என்று சொல்லி மொத்தமாக மறுத்துவிடுவார்கள். கேட்க வேண்டியவை:

- மேற்படி கம்பத்தில் சாதனம் நிறுவ ஒப்புதல் தந்த ஆணையின் நகல்.
- நிறுவிப் பராமரிக்கும் ஒப்பந்தத்தில் தகவல் யாருக்குச் சொந்தம், ரகசியம் காத்தல், ஒப்பந்தம் முடிந்ததும் தகவலை ஒப்படைத்தல் பற்றிய பக்கங்களின் நகல்.
- பதிவுகள் எத்தனை நாள் சேமிக்கப்படும் என்று சொல்லும் ஆவணத்தின் நகல்.
- நேரடிக் காட்சியையும் பதிவையும் பார்க்க அனுமதி உள்ள பதவிகளின் பட்டியல். பெயர் வேண்டாம், பதவி போதும்.
- கடந்த 12 மாதத்தில் பிற துறைகளுக்கோ வெளியாருக்கோ பதிவு தரப்பட்ட எண்ணிக்கை, துறைவாரியாக.
- முகம் அடையாளம் காணுதல், நம்பர் பிளேட் படித்தல், ஒலிப்பதிவு இவற்றில் எவை இயங்குகின்றன என்பதைக் காட்டும் ஆவணம்.
- குடியிருப்புகளை மறைப்பது பற்றிய வழிகாட்டுதல் இருந்தால் அதன் நகல்.
- கேமராவின் பாதுகாப்புப் பரிசோதனைச் சான்றிதழின் நகல்.

ஒலிப்பதிவு பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசுவது பதிவாகிறதா என்பது படத்தைவிடப் பெரிய கேள்வி. சில கேமராக்களில் மைக் உள்ளேயே இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. கட்டணம் ரூ. 10. கடலூரில் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டிக் கொடுப்பது வழக்கம். புதுச்சேரியில் அந்த அலுவலகத்திலேயே பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் தர 30 நாள். கெடு தாண்டினால் நகல்களைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்கிறது பிரிவு 7(6). பக்கக் கட்டணம் கேட்டு 30 நாளுக்குப் பின் கடிதம் வந்தால் இதைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள்.

6. மறைக்கக் கோரும் மனு

ஆர்.டி.ஐ. பதிலுக்காக இதை நிறுத்திவைக்கத் தேவையில்லை. இரண்டும் கூடவே போகலாம். ஆனால் ஒரே தாளில் இரண்டையும் எழுதக் கூடாது. ஒரே தாளில் இருந்தால் ஆர்.டி.ஐ. பிரிவுக்குப் போய், "இது தகவல் கோரிக்கை அல்ல" என்று திரும்பும்.

மனுவின் உடல் இப்படி இருக்கலாம்:

"ஐயா, எங்கள் தெருவில் இன்ன எண் கம்பத்தில் உள்ள கேமரா எங்கள் வீட்டு முதல் மாடி ஜன்னலையும் துணி காயவைக்கும் மொட்டை மாடியையும் நேராகப் பார்க்கிறது. படங்கள் இணைத்துள்ளேன். சாலையைக் கண்காணிப்பதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் வீட்டின் மேற்படி பகுதிகள் பதிவாகாதபடி கேமராவிலேயே மறைப்பு அமைத்து, அமைத்த பின் எடுத்த படத்தின் நகலை எனக்குத் தரக் கேட்டுக்கொள்கிறேன். மறைப்பு இயலாது எனில் கோணத்தை மாற்றக் கோருகிறேன்."

"கேமராவிலேயே" என்ற சொல் அவசியம். மறைப்பைக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் மட்டும் போட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு மறையும், பதிவில் அப்படியே இருக்கும். கேமராவில் போட்டால் அந்தப் பகுதி பதிவாகவே ஆகாது. சுழலும் கேமரா என்றால் "கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கள் வீட்டோடு மறைப்பு நிற்கும்படி" என்று சேருங்கள்.

சட்டம் ஒரு பத்தி போதும். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்ட அடிப்படை இருக்க வேண்டும், முறையான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்கு அளவானதாக இருக்க வேண்டும். போக்குவரத்தைப் பார்க்க மொட்டை மாடி தேவையில்லை என்பதால் நம் வாதம் மூன்றாவதில் நிற்கிறது. பக்கம் பக்கமாகத் தீர்ப்பை எடுத்து எழுத வேண்டாம், படிக்க மாட்டார்கள்.

யாருக்குக் கொடுப்பது? சாதனத்தின் சொந்தக்காரருக்கு அசல். காட்சியைப் பார்க்கும் துறைக்கு நகல். புதுச்சேரியில் 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களின் காலம் 2011-இல் முடிந்தபின் தேர்தல் நடக்காததால், கூட்டிப்போகக் கவுன்சிலர் இல்லை. ஆணையருக்கு நேராகக் கொடுத்து, நகலைத் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுங்கள். கடலூரில் வார்டு கவுன்சிலர் வழியாகவும் போகலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் பதியலாம். அங்கே தரும் மனு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லாமல் பின்தொடர முடியாது.

7. மறுப்பு வந்தால்

ஆர்.டி.ஐ. மறுப்பில் வழக்கமாக வரும் பிரிவுகள் மூன்று. பாதுகாப்பு என்று 8(1)(அ). வணிக ரகசியம் என்று 8(1)(ஈ). தனிநபர் தகவல் என்று அதே பிரிவின் கடைசி உட்பிரிவு.

முதலாவதுக்குப் பதில்: சேமிப்புக் காலமும் பார்க்கும் பதவிகளும் தெரிந்தால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு வராது, மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தர பிரிவு 10 சொல்கிறது. இரண்டாவதுக்கு: விலை விவரத்தை நான் கேட்கவில்லை, மக்களின் தகவலை ஒப்பந்ததாரர் எப்படிக் கையாள வேண்டும் என்ற பக்கங்களைத்தான் கேட்டேன்.

மூன்றாவது இப்போது கடினமாகியிருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று அந்த உட்பிரிவைச் சுருக்கிவிட்டது. அதனால்தான் மேலே பெயர் வேண்டாம், பதவி போதும் என்றேன். அதிகாரி பெயரைக் கேட்டு அவர்களுக்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) அப்படியே இருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள்.

பதில் வந்த நாளிலிருந்து, அல்லது பதில் வராமல் கெடு முடிந்த நாளிலிருந்து, 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடு. இங்கேதான் ஊர் மாறினால் வழி மாறுகிறது: கடலூர் மனு சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு, புதுச்சேரி மனு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. புதுச்சேரிக்காரர்கள் சென்னைக்கு அனுப்பி நாளை இழப்பது அடிக்கடி நடக்கிறது.

மறைப்பு மனுவுக்குப் பதிலே இல்லை, நிலைமை மோசம் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு). இரண்டு ஊருக்கும் அதுதான் நீதிமன்றம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. முத்திரை வாங்கிய நகல்கள் கையில் இருந்தால் வக்கீலின் வேலை பாதியாகும்.

கேமராக் காட்சி வெளியே கசிந்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது என்றால் இந்த வரிசையை விட்டுவிடுங்கள். உடனே சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம்.

8. உங்கள் போனில் நீங்களே செய்யக்கூடியவை

பொது வைஃபைக்குப் பக்கத்தில் போகும்போது போன் சும்மா இருந்தாலும் "பழக்கமான நெட்வொர்க் இருக்கிறதா" என்று தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடலைக் கேட்கும் கருவியால் கூட்டத்தை எண்ண முடியும். புதிய போன்கள் தங்கள் அடையாள எண்ணை மாற்றி மாற்றிக் காட்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் வைஃபையில் இணையும்போதும் அது இயல்பாகவே இயங்குகிறது. பழைய போன் என்றால் வெளியே போகும்போது வைஃபை, புளூடூத் இரண்டையும் அணையுங்கள்.

அணைக்கும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. ஐபோனில் மேலிருந்து இழுக்கும் பலகையில் அணைத்தால் இணைப்பு மட்டும் துண்டிக்கும், வைஃபை உயிரோடுதான் இருக்கும். செட்டிங்ஸுக்குள் போய் அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வைஃபையை அணைத்த பிறகும் லொகேஷன் பகுதியில் "வைஃபை ஸ்கேனிங்", "புளூடூத் ஸ்கேனிங்" என்ற இரண்டு தனிச் சுவிட்சுகள் இருக்கும். அவற்றையும் அணையுங்கள்.

கடற்கரைச் சாலையிலோ பேருந்து நிலையத்திலோ இலவச வைஃபை கிடைத்து ஓ.டி.பி. கொடுத்து உள்ளே போனால், உங்கள் செல் எண்ணை நீங்களே கொடுத்ததாகிறது. அதன்பிறகு அடையாள எண் மாறுவதால் பயனில்லை. அவசரமில்லை என்றால் சொந்த டேட்டாவே போதும்.

9. புதிய தகவல் பாதுகாப்புச் சட்டத்தை எதற்கு நம்பலாம், எதற்கு முடியாது

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ஐக் காட்டி "என் பதிவை அழியுங்கள்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டு காரணத்தால் அது நிற்காது.

ஒன்று, காலம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. மக்களின் உரிமைகள் பற்றிய பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு, வரம்பு. தகவலைப் பார்க்கும் உரிமையும் திருத்தும், அழிக்கும் உரிமையும் நாம் ஒப்புதல் தந்து கொடுத்த தகவலுக்கானவை. தெருக் கேமரா யாரிடமும் ஒப்புதல் கேட்பதில்லை. மேலும் பிரிவு 17(4) அரசு கையாளும் தகவலுக்கு அழிக்கும் கடமையிலிருந்து விலக்குத் தருகிறது. இந்த விலக்கு இவ்வளவு அகலமாக இருந்திருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் இல்லாத உரிமையை மனுவில் எழுதினால் இருக்கும் உரிமையும் மங்கிவிடும்.

பயன்படப் போவது வேறு இரண்டு. தகவல் கசியாமல் பாதுகாக்கும் கடமையும், கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லும் கடமையும் 8-ஆவது பிரிவில் இருக்கின்றன. குறை சொல்லும் உரிமை 13-ஆவது பிரிவில் இருக்கிறது. முதலில் அந்த அலுவலகத்தில் குறையைப் பதிந்து, அது தீராமல் போனால்தான் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போக முடியும். மத்திய அரசு விலக்கு அறிவித்த அமைப்புகளுக்கு இவையும் பொருந்தா.

10. தெருவாகச் சேர்ந்து கேட்பது

ஒரு வீட்டுக்கான மறைப்பைத் தனியாள் வாங்கிவிடலாம். அறிவிப்புப் பலகை, சேமிப்புக் கால வரம்பு, முகம் அடையாளம் காணும் மென்பொருளுக்குத் தடை போன்றவற்றுக்குத் தெருவே கையெழுத்துப் போட வேண்டும். கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களின் கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். மாநகராட்சிப் பகுதியில் பகுதி சபைக் கூட்டம் உண்டு. புதுச்சேரியில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் ஆணையருக்குக் கொடுப்பதே இப்போதைக்கு வழி.

தெருவில் கேமரா வேண்டும் என்பவர்களும் இருப்பார்கள். சங்கிலிப் பறிப்பு நடந்த தெருவில் அந்த விருப்பம் நியாயமானது. அவர்களையும் கையெழுத்தில் சேருங்கள். கேமரா இருக்கட்டும், ஆனால் பலகை இருக்க வேண்டும், வீட்டுக்குள் பார்க்கக் கூடாது, இத்தனை நாளில் அழிய வேண்டும் என்ற மூன்றுக்கும் அவர்களும் ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் பெயர் இருக்கும் மனுவைக் குற்றத்துக்குத் துணைபோகும் மனு என்று யாரும் ஒதுக்க முடியாது.

11. கிடைத்த பிறகு சரிபாருங்கள்

"மறைக்கப்பட்டது" என்று கடிதம் வந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். மறைத்த பின் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், கட்டுப்பாட்டு அறையில் அந்த ஒரு கேமராவின் திரையை மட்டும் நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். இரவுக் காட்சியையும் பாருங்கள். கோணம் மட்டும் மாற்றிய இடங்களில், பகலில் தெரியாத ஜன்னல் இரவில் உள்ளே விளக்கெரியும்போது நன்றாகத் தெரியும்.

கேமராவை மாற்றினாலோ, புயலில் கம்பம் சாய்ந்து மறுபடி நட்டாலோ, ஒப்பந்ததாரர் மாறினாலோ பழைய மறைப்பு போய்விடும். புதுக் கருவி எல்லாவற்றையும் பார்க்கும் நிலையில்தான் வரும். ஆகவே மறைப்பு உத்தரவின் நகலைப் பத்திரமாக வைத்திருந்து, கம்பத்தில் வேலை நடப்பதைப் பார்த்த அன்றே அதை இணைத்து ஒரு வரிக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.